மீட்டர் லைட் மங்கினால் யாரைத் திட்டுவது?

இங்கிலாந்துக்காரர்கள் ஏன் பீரை வெதுவெதுப்பாகக் குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜையும் லூகாஸ் கம்பெனிதான் செய்கிறது.

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் பல காலமாகச் சொல்லிச் சிரிக்கும் ஜோக் இது. இதற்கு உடன்பிறப்புகள் நிறைய. லூகாஸ் சுவிட்சில் மூன்று நிலை: ஆஃப், மங்கல், மினுக்கல். கம்பெனியை ஆரம்பித்த ஜோசப் லூகாஸுக்குப் பட்டம் 'இருட்டின் இளவரசர்'. பர்மிங்காம் தெருக்களில் மண்ணெண்ணெய் விற்று, பிறகு சைக்கிள் விளக்கு செய்து பெரிய ஆளானவர் அவர். அந்த சைக்கிள் விளக்குக்கு அவர் வைத்த பெயர் 'சாலையின் ராஜா'. ராஜாவை இளவரசராக்கி, வெளிச்சத்தை இருட்டாக்கி, காலம் அவரைப் பழிவாங்கியிருக்கிறது.

சென்னையில் வளர்ந்த எனக்கு லூகாஸ் என்றால் முதலில் பாடியில் ஒரு பஸ் ஸ்டாப். 1961இல் லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அங்கே வேலை கிடைத்தால் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள். அதனால் இந்த ஜோக்கை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. ஒரு பழைய காரின் டேஷ்போர்டைக் கழற்றி, மல்டிமீட்டரோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்த பிறகு, இந்த ஜோக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. ஜோக் பொய் என்பதல்ல என் புகார். அது தப்பான இடத்தில் நம்மைத் தேட வைக்கிறது. அதை நம்பி நானே ஒரு தப்பு செய்தேன்.

வண்டி

வண்டி என் பெரியப்பாவுடையது. 1960களின் பிரிட்டிஷ் வம்சம். பெயர் வேண்டாம், அறுபது வருஷம் உழைத்த வண்டியைப் பெயர் சொல்லிக் குறை சொன்ன பாவம் எனக்கு எதற்கு. (சுத்தமாகப் பார்த்தால் இது 'விண்டேஜ்' கார்கூட இல்லை. பிரிட்டிஷ்காரர்கள் கணக்கில் 1919 முதல் 1930 வரை செய்ததுதான் விண்டேஜ். நம் ஊரில் தாத்தா ஓட்டியதெல்லாம் விண்டேஜ்.)

பெரியப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. போன வருஷம் ஒருநாள் சொன்னார்: "டேய், ராத்திரில ஸ்பீடு தெரியலடா. நாப்பதுல போறேனா அறுபதுல போறேனான்னு குத்துமதிப்பாத்தான் ஓட்டுறேன்."

இரவில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். ஸ்பீடோமீட்டர், பெட்ரோல், டெம்பரேச்சர், ஆயில் பிரஷர் எல்லாமே அகல் விளக்குக்குப் பின்னால் வைத்த மாதிரி இருந்தன. எண்கள் இருக்கும் இடம் தெரிகிறது, எண் தெரியவில்லை. எல்லா டயலும் ஒரே அளவுக்கு மங்கல். அந்த 'ஒரே அளவுக்கு' என்பதுதான் முக்கியமான தடயம். அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

ஏனென்றால் என் தலையில் ஜோக் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பிரிட்டிஷ் எலக்ட்ரிகல்ஸ், அப்படித்தான் இருக்கும், பல்பை மாற்று. தேடியபோது கிடைத்த அறிவுரைகளும் ஒரே குரலில் அதையே சொன்னன: எல்இடி போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில், எம்ஜிபி, மாரிஸ் மைனர் உட்பட, மீட்டர் லைட்டுக்கு ஒரே பல்ப்தான்: 12 வோல்ட், 2.2 வாட், கடுகளவு இழை, திருகு அடி. அதே திருகில் பொருந்தும் எல்இடி வாங்கினேன். வெள்ளை நிறம். ஆறு பல்ப், அரை மணி நேர வேலை.

பெரியப்பா குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "கல்யாண மண்டபம் மாதிரி இருக்குடா!"

மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது

இரண்டு வாரம் கழித்து ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து ஈசிஆரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். கோவளம் தாண்டும் முன் தெருவிளக்கு இல்லாத ஒரு நீளமான துண்டு. அப்போதுதான் கவனித்தேன், கண்ணாடியில் ஸ்பீடோமீட்டர் மிதந்துகொண்டிருந்தது. பழைய வண்டிகளில் முன்கண்ணாடி நிமிர்ந்து, டேஷ்போர்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். வெள்ளை வெளிச்சம் அதில் பட்டு, சாலைக்கு மேல் ஒரு பேய்மாதிரி எண்கள்.

மீட்டர் லைட்டைக் குறைக்கும் குமிழைத் திருப்பினேன். ஒன்றும் மாறவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். அதே கல்யாண மண்டபம்.

அப்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர். விளக்கு கிடையாது. நான் "பெரியப்பா!" என்று கத்தியதும் அவர் பிரேக் போட்டதும் ஒன்றாக நடந்தது. வண்டி நின்றது. சைக்கிள்காரர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். எதுவும் நடக்கவில்லை.

அந்த எல்இடி இல்லாமல் இருந்தால் முன்னாடியே பார்த்திருப்போமா என்று கேட்டால், நிரூபிக்க எனக்கு வழியில்லை. ஆனால் ஒரு எழுபத்து நாலு வயதுக்காரரின் கண்ணுக்கும் சாலைக்கும் நடுவில் ஆறு வெள்ளை விளக்கை நான்தான் மாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைக் கழற்றினேன். அடுத்த ஞாயிறு மல்டிமீட்டரை எடுத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

வோல்ட் எங்கே போகிறது

இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர்விகிதத்தில் போவதில்லை. தோராயமாக வோல்ட்டின் 3.4ஆவது அடுக்காகப் போகிறது. இந்த ஒரு எண் தெரிந்தால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். 12 வோல்ட் போக வேண்டிய பல்புக்கு 11 போனால் வெளிச்சம் 74 சதவீதம். 10 போனால் 54. 9 போனால் 38. வோல்ட் கால் பங்கு குறைந்தால் வெளிச்சம் அறுபது சதவீதத்துக்கு மேல் காணாமல் போகிறது.

அடுத்த கணக்கு. 2.2 வாட் பல்ப் ஒன்று சுமார் 0.18 ஆம்பியர் இழுக்கும். ஆறு பல்ப் என்றால் 1.1 ஆம்பியர். இந்த ஆறும் தனித்தனி ஹோல்டரில் இருந்தாலும் வரும் வழி ஒன்றுதான்: பேட்டரி, லைட் சுவிட்ச், இணைப்புகள், மங்கலாக்கும் குமிழ் (உள்ளே இருப்பது ஒரு ரியோஸ்டாட், அதாவது கம்பி சுற்றிய மின்தடை), அப்புறம் பல்புகள். திரும்பும் வழி எர்த். அந்தப் பொதுவழியில் எங்கேயாவது 1 ஓம் மின்தடை உட்கார்ந்தால் ஆறு பல்புக்கும் சேர்த்து 1.1 வோல்ட் போச்சு. அதே 1 ஓம் ஒரே ஒரு பல்பின் ஹோல்டரில் இருந்தால் அந்த பல்புக்கு மட்டும் 0.18 வோல்ட்தான் போகும், கண்ணுக்கே தெரியாது.

இதிலிருந்து ஒரு எளிய விதி வருகிறது. ஒரு டயல் மட்டும் மங்கினால் அந்த டயலைப் பார். எல்லாம் ஒரே அளவுக்கு மங்கினால் பொதுவழியைப் பார். புரோகிராமில் எல்லாத் திரையும் ஒரே மாதிரி தப்பாக வந்தால் ஒவ்வொரு திரையையும் நோண்டுவோமா? எல்லாம் கூப்பிடும் பொது ஃபங்ஷனைத்தானே பார்ப்போம். இருபது வருஷமாக ஆபீஸில் செய்யும் வேலை. காரில் மறந்துவிட்டேன்.

அளந்தேன். பழைய பல்புகளைத் திரும்பப் போட்டு, லைட் எரியும்போது அளந்தேன். எரியாமல் அளந்தால் பயனில்லை, மின்சாரம் ஓடினால்தான் கெட்ட இணைப்பு வோல்ட்டைத் தின்னும். பேட்டரியில் 12.4 வோல்ட். பல்பில் 10.1. நடுவில் 2.3 வோல்ட் தொலைந்திருக்கிறது. துண்டு துண்டாகப் பார்த்தால், சுவிட்சும் இணைப்புகளும் சேர்ந்து 0.5, குமிழ் முழு வெளிச்சத்தில் இருக்கும்போதே 0.9, எர்த் பக்கம் 0.9. இந்தக் கடைசி எண் பலர் தேடாத இடம். ஸ்பீடோமீட்டரின் தகரக் கூடுதான் பல்புக்கு எர்த். அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் பாடிக்குப் போகிறது. அந்த ஒயரின் கண்ணி இருந்த இடத்தில் பச்சைக் களிம்பு.

10.1ஐ 12.4ஆல் வகுத்து 3.4ஆவது அடுக்கு போட்டால் 0.50. வெளிச்சத்தில் சரிபாதி ஒயரிலேயே போய்விட்டது. எந்த பல்பைப் போட்டாலும் போயிருக்கும். சிலர் சொல்கிற மாதிரி 5 வாட் பல்ப் போட்டிருந்தால் இன்னும் மோசம். அதிக ஆம்பியர் இழுக்கும், அதே களிம்பு அதிக வோல்ட்டைத் தின்னும், மிச்சமிருப்பது சூடாகி உள்ளே பெயிண்டையும் ஹோல்டரையும் கருக்கும்.

எல்இடி போட்டபோது குமிழ் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இங்கேயே புரிகிறது. ஒரு ஆம்பியருக்கு மேல் ஓடும்போது 5 ஓம் மின்தடை நாலைந்து வோல்ட்டைத் தடுக்கும். எல்இடி ஆறும் சேர்ந்து 0.1 ஆம்பியர் இழுத்தால் அதே 5 ஓம் தடுப்பது அரை வோல்ட். அந்தக் குமிழ் பல்பின் பசிக்கு ஏற்ப அளவெடுத்துத் தைத்தது. பசியில்லாதவன் முன்னால் சாப்பாட்டைக் குறைத்தால் என்ன ஆகும்?

கூட்டல் இல்லை, பெருக்கல்

ஒயரில் பாதி போனது சரி. ஆனால் வண்டியில் இருந்த மங்கல் பாதியைவிட மோசம். மிச்சம் எங்கே?

முதல் இடம் பல்ப். இழையிலிருந்து டங்ஸ்டன் மெல்ல ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் கறுப்பாகப் படியும். எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் புகை பிடித்த மாதிரி தெரியும். ஒரு இருபது சதவீதம் போனது என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு வேடிக்கை. பல்பின் ஆயுள் வோல்ட் குறையக் குறைய ஏறும், அதுவும் பன்னிரண்டு பதின்மூன்றாவது அடுக்காக ஏறும். 12க்குப் பதில் 10 வோல்ட் போனால் ஆயுள் பத்து மடங்குக்குப் பக்கம். அதாவது, ஒயர் கெட்டதால் பல்ப் மங்கியது, மங்கியதால் பல்ப் சாகவில்லை, சாகாததால் யாரும் டேஷ்போர்டைத் திறக்கவில்லை, திறக்காததால் ஒயர் இன்னும் கெட்டது. பல்ப் ஃபியூஸாகியிருந்தால் இருபது வருஷத்துக்கு முன்பே யாராவது அந்தக் களிம்பைப் பார்த்திருப்பார்கள்.

இரண்டாவது இடம் டயலின் உட்பக்கம். இந்த ஸ்மித்ஸ் டயல்களில் பல்ப் நேராக எண்களின் மேல் அடிப்பதில்லை. பின்னால் ஒளிந்திருக்கும். அதன் வெளிச்சம் வெளிர் பெயிண்ட் அடித்த தகரச் சுவரில் பட்டுப் பட்டு, டயலின் ஓரத்தில் இருக்கும் இடுக்கு வழியாக முன்பக்கம் கசியும். அறுபது வருஷத்தில் அந்த வெள்ளை டீ கறை நிறத்துக்கு வந்திருந்தது. புதுச் சுவர் 85 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பும், பழுத்த சுவர் 60 சதவீதம் திருப்பும் என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை பட்டுத் தெறித்தால் புதிதில் 61 சதவீதம் வெளியே வரும், பழையதில் 22. மூன்றில் ஒரு பங்குதான்.

இப்போது பெருக்குவோம். ஒயர் 0.5, பல்ப் 0.8, சுவர் 0.35. விடை 0.14. புதிதாக இருந்தபோது வந்த வெளிச்சத்தில் ஏழில் ஒரு பங்கு. மூன்றில் எதுவும் தனியாகப் பெரிய குற்றவாளி இல்லை. நாமோ ஒரு ஆளைத் தேடுகிறோம்.

இவ்வளவு குறைந்தும் பெரியப்பா ஏன் போன வருஷம்தான் சொன்னார்? கண்ணும் நேர்விகிதத்தில் கணக்குப் பார்ப்பதில்லை. வெளிச்சம் எட்டில் ஒன்றாகக் குறைந்தால்தான் கண்ணுக்குப் பாதியாகத் தெரியும். அதுவும் முப்பது நாற்பது வருஷத்தில், தினமும் ஒரு துளி குறைந்தால் யாருக்குத் தெரியும்.

ஜோக்கின் முகவரி தப்பு

இப்போது ஜோக்குக்கு வருகிறேன். அந்தக் கார்களில் சுவிட்சும் ஒயரும் பல்பும் பெரும்பாலும் லூகாஸ். டயல் ஸ்மித்ஸ், கடிகாரக் கடையில் தொடங்கிய கம்பெனி. இரண்டையும் வாங்கி ஒரு தகரப் பலகையில் திருகி, எர்த் ஒயரை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்தது கார் கம்பெனி. நான் தொலைத்த வெளிச்சத்தைப் பங்கு பிரித்தால், டயல் சுவர் ஸ்மித்ஸ் கணக்கு, எர்த் கார் கம்பெனி கணக்கு, சுவிட்சும் குமிழும் லூகாஸ் கணக்கு. களிம்புக்கும் பழுத்த பெயிண்ட்டுக்கும் உண்மையான சொந்தக்காரர் அறுபது வருஷம்.

மூன்று கம்பெனி சந்திக்கும் எல்லையில் பிழை வந்தால், யாருடைய பெயர் கண்ணில் படுகிறதோ அவர்தான் திட்டு வாங்குவார். சாஃப்ட்வேரில் இதை தினமும் பார்க்கிறேன். பேங்க் சர்வர் விழுந்தாலும் யூசர் திட்டுவது ஆப் செய்தவனை. லூகாஸ் தன் பெயரை ஹெட்லைட்டிலேயே அச்சடித்தது, மாட்டிக்கொண்டது.

முழுக்க விடுதலையும் செய்ய முடியாது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஒயரிங்கில் இரண்டு விஷயம் உண்மையிலேயே பலவீனம். ஒன்று, தோட்டா வடிவப் பித்தளை முனைகளை ஒரு குழாய்க்குள் செருகும் இணைப்பு. ஈரம் உள்ளே போவதைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை. மழையும் உப்புக்காற்றும் போதும். இரண்டு, ஃபியூஸ் கஞ்சத்தனம். 1960களின் பல கார்களில் முழு வண்டிக்கும் இரண்டே ஃபியூஸ். இவற்றைக் குறை சொல்ல வேண்டும், சொல்லலாம். ஆனால் இது 'இணைப்பு ஈரத்தைத் தாங்காது' என்கிற குறை. அதற்கு மருந்து உண்டு, உப்புத்தாளும் கொஞ்சம் கிரீஸும். 'இருட்டின் இளவரசர்' என்கிற குறைக்கு மருந்து கிடையாது. அது விதி. விதி என்று நம்பியவன் அளக்க மாட்டான், மாற்றிவிடுவான். நான் மாற்றினேன்.

மங்கல் ஓரளவு வேண்டியதும்தான்

ஜோக் மறைக்கும் இன்னொன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. புதிதாக இருந்தபோதும் இந்த மீட்டர் லைட் பளிச்சென்று இருந்ததில்லை. இருக்கக் கூடாது என்றுதான் செய்தார்கள். இல்லாவிட்டால் அதைக் குறைக்க ஒரு குமிழ் எதற்கு?

இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு நேரம் வேண்டும். சினிமா தியேட்டருக்குள் தாமதமாகப் போனவர்களுக்குத் தெரியும். முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும், கெடுக்க ஒரு நொடி போதும். ஹெட்லைட் மஞ்சளாகச் சிறிது தூரம் மட்டும் காட்டிய காலத்தில், ஓட்டுநர் அதற்கு அப்பால் உள்ள நிழலையும் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணைக் கெடுக்காமல், கேட்டால் மட்டும் பதில் சொல்கிற அளவுக்குத்தான் டேஷ்போர்டு வெளிச்சம். கறுப்பு டயலில் வெள்ளை எண், ஒளிந்திருக்கும் பல்ப், ஓரத்து இடுக்கு, குமிழ் எல்லாம் ஒரே யோசனையின் உறுப்புகள். விமானத்தில் இதே காரணத்துக்காகச் சிவப்பு விளக்கு வைத்தார்கள். 1990களில் ஸ்வீடனின் சாப் கம்பெனி தன் கார்களில் ஒரு பட்டனே கொடுத்தது, அழுத்தினால் ஸ்பீடோமீட்டர் தவிர மற்றதெல்லாம் அணைந்துவிடும். வெளிச்சத்தைக் கழிப்பதற்கு ஒரு பட்டன்!

ஆகவே பெரியப்பாவின் வண்டியில் இரண்டு மங்கல் இருந்தது. ஒன்று வயதால் வந்தது, பழுது. இன்னொன்று வரைபடத்திலேயே இருந்தது, அது பாதுகாப்பு. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். எல்இடி இரண்டையும் சேர்த்து அழித்தது. பழுது பார்ப்பவன் முதலில் கேட்க வேண்டியது, 'இது எவ்வளவு வெளிச்சம் கொடுக்கச் செய்யப்பட்டது?' என்பதுதான்.

எல்இடியே கூடாது என்று சொல்லவில்லை. சூடு குறைவு, மின்சாரம் குறைவு, இதமான நிறத்தில் சரியான அளவில் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் ஒயரைச் சரிசெய்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் அது. பல எல்இடிகள் முன்பக்கமாகவே ஒளி வீசும், இந்த டயலுக்கோ பக்கவாட்டு ஒளி வேண்டும். பாசிடிவ் எர்த் வண்டி என்றால் துருவம் பார்த்து வாங்க வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் சிவப்பு இக்னிஷன் விளக்கை மட்டும் தொடவே கூடாது. அந்த பல்ப் வழியாகப் போகும் சின்ன மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்இடி போட்டால் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

நாலாவது ஆள்

பெருக்கலில் நான் விட்ட ஒரு எண் இருக்கிறது. அது வண்டியில் இல்லை.

வயதாக ஆக, இருட்டில் கண்ணின் பாப்பா முன்புபோல் விரியாது. லென்ஸும் மஞ்சளாகும். இருபது வயதுக்காரரோடு ஒப்பிட்டால் அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம் சுமார் மூன்றில் ஒரு பங்கு. மஞ்சளான லென்ஸ் நீலத்தை அதிகம் தடுக்கும், கூசும் வெளிச்சத்தை அதிகம் சிதறடிக்கும். நீலம் கலந்த வெள்ளை எல்இடியை வயதானவர் முன்னால் வைத்தது எவ்வளவு மோசமான தேர்வு என்று இப்போது புரிகிறது. 

இன்னொன்று தற்செயலாகத் தெரிந்தது. பெரியப்பாவின் கண்ணாடி இரட்டை லென்ஸ். மேலே தூரத்துக்கு, கீழே பேப்பர் படிக்க. பேப்பர் ஒன்றே கால் அடியில். டேஷ்போர்டு இரண்டே கால் அடியில். இரண்டு லென்ஸுக்கும் நடுவில் விழுந்துவிட்டது ஸ்பீடோமீட்டர். எண்கள் மங்கலாக இருந்தது போதாதென்று கலங்கலாகவும் இருந்தன. பகலில் பாப்பா சுருங்கியிருப்பதால் கலங்கல் தெரியாது, இரவில் விரியும்போது தெரியும். அவர் இரண்டுக்கும் சேர்த்து 'லைட் பத்தல' என்று ஒரே பெயர் வைத்திருந்தார். எனக்கும் நாற்பது தாண்டி லேப்டாப் தூரம் கலங்க ஆரம்பித்திருக்கிறது, அதனால்தான் கேட்கத் தோன்றியது.

செய்தது

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பம். எர்த் கண்ணியைக் கழற்றி, அதையும் அது உட்காரும் தகரத்தையும் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, திரும்ப முறுக்கினேன். டயல் கூட்டிலிருந்து பாடிக்கு இன்னொரு எர்த் ஒயரும் போட்டேன். தோட்டா இணைப்புகளைச் சுத்தம் செய்தேன். குமிழுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஐம்பது தடவை திருப்பினேன். கம்பியின் மேல் படிந்ததை அதன் கையே தேய்த்து எடுத்துவிடும். குமிழையே தாண்டி நேராக ஒயர் போடச் சொல்லும் அறிவுரை உண்டு. சோதனைக்குச் சரி, நிரந்தரமாகச் செய்தால் குறைக்கும் வசதி போச்சு.

மறுபடி அளந்தால் பல்பில் 12.0 வோல்ட். ஒயர் கணக்கு 0.5இலிருந்து 0.9க்கு வந்தது. புது பல்ப் ஆறு, அதே 2.2 வாட். கடைசியாக டயல். ஸ்மித்ஸ் டயலின் குரோம் வளையத்துக்கு மூன்று பற்கள் இருக்கும், வளையத்தை மெதுவாகத் திருப்பிப் பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் கழன்றுவிடும். முள்ளையும் எண்களையும் தொடாமல் உட்சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்தேன். இதில் அவசரப்பட்டால் முள் போகும். (1950க்கு முந்தைய வண்டியில் இருட்டில் ஒளிரும் எண்கள் இருந்தால் திறக்கவே வேண்டாம். அது ரேடியம் பெயிண்ட்டாக இருக்கலாம். ஒளிர்வது நின்றிருந்தாலும் கதிர்வீச்சு நின்றிருக்காது.)

பெரியப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தூரம், நடு, கிட்டம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி வந்தது. மொத்த வேலையில் அதிகச் செலவு அதற்குத்தான்.

போன மாதம் இரவில் மறுபடி ஈசிஆரில் போனோம். திருவான்மியூர் வெளிச்சத்தில் டயல் தெளிவாக இருந்தது, கண்ணாடியில் பேய் இல்லை. முட்டுக்காடு தாண்டி இருட்டு வந்ததும் பெரியப்பா கையை நீட்டிக் குமிழைத் தொட்டார். வெளிச்சம் இறங்கியது. நிறுத்தி, மறுபடி கொஞ்சம் ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

"டேய், இது சுத்துமாடா? இத்தன வருஷமா சும்மா வெச்சிருக்கான்னு நெனச்சேன்."

அப்புறம் அதைக் குறைத்தே வைத்துக்கொண்டு ஓட்டினார்.